டிடெக்டர் கையில் இருக்கிறது: குத்தகைக்கு விடுவதா, சொந்தப் பயிரா, பொதுவில் விடுவதா?

போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. துகள் இயற்பியல் சோதனை ஒன்றுக்காக அவருடைய குழு ஒரு பிக்சல் சிப் செய்திருக்கிறது. எக்ஸ்-கதிர்க் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, உரிமம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறது. குழுவில் இருவர், "எதற்கு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்? நாமே கம்பெனி தொடங்குவோம்" என்கிறார்கள். பேராசிரியரோ, "மக்கள் வரிப்பணத்தில் செய்தது, எல்லோருக்கும் திறந்து விட்டுவிடுவோம்" என்கிறார். மூன்றுமே நியாயமாகப் படுகிறது, எதைத்தான் செய்வது என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வியோடு முன்பும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். துகள்களையும் கதிர்களையும் உணரும் டிடெக்டர்களைச் செய்யும் ஆய்வகங்களில் இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம் செர்ன். அங்கே துகள்களை மோதவிடும் எல்.எச்.சி. மோதுவியில் விநாடிக்குக் கோடிக்கணக்கான மோதல்கள் நடக்கின்றன. அந்த நெரிசலில் எந்தத் துகள் எந்தப் புள்ளியைக் கடந்தது என்று சொல்வதற்காகப் பிறந்தவைதான் பிக்சல் டிடெக்டர்கள். மேலே ஒரு சிலிக்கான் தகடு, கீழே ஒரு மின்னணு சிப். இரண்டையும் ஒவ்வொரு பிக்சலிலும் நுண்ணிய உலோகப் பொட்டு வைத்து ஒட்டியிருப்பார்கள். இதே அமைப்பை வைத்து எக்ஸ்-கதிர் ஃபோட்டான்களையும் ஒவ்வொன்றாக எண்ணலாமே என்று 1990-களில் செர்னில் சிலருக்குத் தோன்றியது. அப்படி வந்தது மெடிபிக்ஸ். முதல் சிப்பில் 64-க்கு 64 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 170 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பல ஆய்வகங்கள் சேர்ந்து 1999-ல் தொடங்கிய இரண்டாவது கூட்டமைப்பு செய்த மெடிபிக்ஸ்2-ல் 256-க்கு 256, ஒவ்வொன்றும் 55 மைக்ரான். ஃபோட்டானை எண்ணிக் கணக்கு வைப்பதால் மின்னணு இரைச்சல் படத்தில் சேராது. மங்கலான இடத்திலும் படம் சுத்தமாக இருக்கும்.

இந்தக் குடும்பத்திலிருந்து உரிமங்களும் போயின, நிறுவனங்களும் பிறந்தன. அதனால் கீழே உதாரணத்துக்கு அடிக்கடி இங்கேயே வருவேன்.

## எதை வைத்து எடை போடுவது?

மூன்று வழிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. கீழே உள்ள கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

சிப்புக்கும் கருவிக்கும் எவ்வளவு தூரம்? வாங்குபவர் சிப்பை வாங்குவதில்லை. பெட்டி, குளிரூட்டல், மென்பொருள், கையேடு, பழுது பார்க்க வரும் ஆள் எல்லாம் சேர்ந்த கருவியைத்தான் வாங்குகிறார். அந்தத் தூரத்தை ஏற்கெனவே கடந்து வைத்திருக்கும் ஒருவர் சந்தையில் இருக்கிறாரா?

அறிவு காகிதத்தில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? வரைபடத்தைக் கொடுத்தால் வேறொருவர் செய்துவிட முடியுமா? அல்லது பொட்டு வைத்து ஒட்டுவதும், ஆயிரக்கணக்கான பிக்சல்களைச் சமன் செய்வதும் உங்கள் குழுவில் நாலு பேருக்கு மட்டும் வரும் கைவேலையா?

வாங்குபவர் யார்? நாற்பது ஆய்வகங்களா, நாலாயிரம் ஆலைகளா, மருத்துவமனைகளா? அவர் வாங்குவதற்கு முன் வேறு யாருடைய ஒப்புதலாவது தேவையா?

சொத்து யாருடையது? உங்கள் நிறுவனத்துடையதா, இருபது நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பினுடையதா?

ஆய்வகத்துக்கு இதே பொருள் இனியும் வேண்டுமா? அடுத்த சோதனைக்கு நீங்களே இதை வாங்க வேண்டியிருந்தால் கணக்கு மாறிவிடும்.

கடைசியாக ஒன்று. யார் போகத் தயார்? ஐந்தாவது வருடம் ஞாயிற்றுக்கிழமை காலை கருவி நின்றுபோனால், வாடிக்கையாளரின் போனை எடுக்கப்போவது யார் என்று பெயர் சொல்ல முடிகிறதா? முதலில் நான் இதைத்தான் கேட்பேன். பெயர் வராத குழு கம்பெனி தொடங்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

## முதல் வழி: உரிமம் கொடுப்பது

உரிமம் என்பது நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போலத்தான். நிலம் உங்களுடையது, பயிர் வைப்பவர் வேறு. அவர் முன்பணமும், விளைச்சலில் ஒரு பங்கும் தருகிறார். அந்தப் பங்குதான் ராயல்டி.

மெடிபிக்ஸ்2-ல் இது அழகாக நடந்தது. நெதர்லாந்தின் அல்மெலோ ஊரில் இருக்கும் பேனலிட்டிக்கல், பழைய பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கருவிப் பிரிவிலிருந்து வந்தது. எக்ஸ்-கதிர் விலகலை வைத்து ஒரு பொடியில் என்னென்ன படிகங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கருவிகளை அது பல காலமாக விற்றுவந்தது. சிமென்ட், மருந்து, கனிமத் துறைகளில் அதற்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மெடிபிக்ஸ்2-க்கு உரிமம் வாங்கி, தன் கருவியின் கண்ணை மட்டும் மாற்றியது. பிக்ஸெல் என்ற பெயரில் அந்த டிடெக்டர் சந்தைக்கு வந்தது. இயற்பியலாளர்கள் ஒரு சிமென்ட் ஆலையின் படியும் ஏறவில்லை. விற்பனை ஆட்களும், பழுது பார்ப்பவர்களும், உதிரிபாகக் கிடங்கும் அந்த நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உரிமம் மற்றவர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. கூட்டமைப்பின் சார்பில் செர்ன் உரிமங்களைக் கையாண்டது. அதே குடும்பத்துச் சிப்புகள் நியூசிலாந்தில் மருத்துவ ஸ்கேனுக்கும், பிராகில் கதிர்வீச்சு கேமராக்களுக்கும், இங்கிலாந்தில் சின்க்ரோட்ரான் ஆய்வகங்களுக்கான (எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு வலுவான எக்ஸ்-கதிர் எடுக்கும் இடங்கள்) கேமராக்களுக்கும் போயின. ஒரே நிலத்தின் ஒவ்வொரு வரப்புக்குள்ளும் ஒவ்வொருவர் பயிர் வைத்தார்கள். என் பார்வையில் மெடிபிக்ஸ் சொல்லித்தரும் பெரிய பாடமே இதுதான். சிப்பை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், பயன்பாட்டுத் துறை வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

கண்ணில் படாத செலவுகள். குத்தகைக்கு விட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். முதல் இரண்டு வருடம் உரிமம் வாங்கியவரின் பொறியாளர்கள் உங்களைத் தேடித்தான் வருவார்கள். "இந்த வரிசை பிக்சல் மட்டும் ஏன் கூடுதலாக எண்ணுகிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மூத்த மாணவரின் நாட்கள் போகும். அந்த நேரத்துக்கு ஒப்பந்தத்திலேயே விலை வைக்க வேண்டும். வேஃபர்களை, அதாவது சிப்புகள் செய்யப்படும் சிலிக்கான் வட்டத் தகடுகளை, யார் வாங்கித் தருவது, சோதிப்பது யார், தொழிற்சாலை அந்த உற்பத்தி முறையையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து, குத்தகை எடுத்தவர் தரிசாகப் போடுவது. ஒருவருக்கு மட்டும் என்று முழு உரிமையையும் கொடுத்தபின், அந்த நிறுவனத்தில் மேலாளர் மாறி, திட்டம் அலமாரிக்குப் போய்விடலாம். உங்களாலும் வேறு யாருக்கும் தர முடியாது. அதனால் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதானால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: வருடக் குறைந்தபட்சத் தொகை, இந்தத் தேதிக்குள் பொருள் சந்தைக்கு வர வேண்டும் என்ற கெடு, தவறினால் உரிமை திரும்பும் என்ற வரி.

எப்போது இது நல்லது? கருவி ஏற்கெனவே சந்தையில் இருந்து, உங்கள் டிடெக்டர் அதில் ஒரு பாகமாக மட்டும் உட்காரும்போது. குழுவில் யாருக்கும் ஆராய்ச்சியை விட மனமில்லாதபோது. கூட்டுச் சொத்தாக இருக்கும்போது.

அப்புறம், ஆய்வகமே வாங்குபவராக இருக்கும்போதும் உரிமம்தான் வழி. ஜெம் என்ற டிடெக்டரை 1997-ல் செர்னில் ஃபேபியோ சவுலி உருவாக்கினார். 50 மைக்ரான் தடிமன் உள்ள பாலிமர்த் தாளின் இரு பக்கமும் செம்புப் பூச்சு, அதில் 70 மைக்ரான் விட்டமுள்ள துளைகள் நெருக்கமாக வரிசையாக இருக்கும். துளைக்குள் மின்புலம் வலுப்பதால், உள்ளே நுழையும் எலெக்ட்ரான் அங்கே பல மடங்காகப் பெருகும். துளைகளை ரசாயனத்தால் அரித்து எடுக்கும் பக்குவம் செர்னின் பட்டறையில் இருந்தது. ஆனால் பெரிய சோதனைகளுக்குத் தேவையான பரப்பை எல்லாம் ஒரே பட்டறை செய்து மாளாது. அந்தப் பக்குவம் உரிமமாக வெளியே போனது. பெங்களூருவின் மைக்ரோபேக் நிறுவனமும் அப்படிக் கற்றுக்கொண்டு ஜெம் தாள்கள் செய்தது. இந்த மாதிரி உரிமத்தில் ராயல்டி பெரிய விஷயமே இல்லை. நம்பி வாங்க இன்னொரு கடை கிடைத்ததுதான் லாபம்.

## இரண்டாம் வழி: சொந்த நிறுவனம்

சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிலையத்தில் ஒரு குழு செர்னின் சி.எம்.எஸ். சோதனைக்குப் பிக்சல் டிடெக்டர் செய்துகொண்டிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து, பக்கத்திலேயே கட்டப்பட்டுவந்த சின்க்ரோட்ரானுக்காக பிலாட்டஸ் என்ற எக்ஸ்-கதிர் டிடெக்டரைச் செய்தார்கள். பிக்சல் 172 மைக்ரான். மெடிபிக்ஸ்2-ஐவிடப் பெரிய பிக்சல்தான். ஆனால் நோக்கம் வேறு. புரதப் படிகத்திலிருந்து சிதறும் கதிர்களைப் பிடிக்கப் பெரிய பரப்பு வேண்டும். 60 தொகுதிகளை அடுக்கி, ஏறக்குறைய 60 லட்சம் பிக்சல் உள்ள டிடெக்டரை எழுப்பினார்கள்.

அதுவரை புழக்கத்திலிருந்த சி.சி.டி. டிடெக்டர்கள் ஒரு படத்தைப் படித்து முடிக்க விநாடிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நேரமும் கதிரை மூடி வைக்க வேண்டும். பிலாட்டஸ் சில மில்லி விநாடிகளில் படித்துவிடும். மூடியைத் திறந்தே வைத்துப் படிகத்தைத் தொடர்ந்து சுழற்றலாம். உலகின் மற்ற சின்க்ரோட்ரான்கள் எங்களுக்கும் வேண்டும் என்றன. 2006-ல் டெக்ட்ரிஸ் பிறந்தது. பிலாட்டஸைச் செய்தவர்களில் சிலர் ஆய்வு நிலையத்தை விட்டு அதற்குப் போனார்கள். பாடன் ஊரில் இருக்கும் அந்த நிறுவனம் பின்னால் 75 மைக்ரான் பிக்சல் உள்ள ஐகர் வரிசையையும் கொண்டுவந்தது.

இது ஏன் உரிமமாகப் போகாமல் நிறுவனமாக நின்றது? மேலே கேட்ட கேள்விகளை வைத்தே பார்க்கலாம். டிடெக்டரேதான் இங்கே முழுக் கருவி. பாகமாக வாங்கித் தன் பெட்டிக்குள் வைக்க யாரும் தேவைப்படவில்லை. அறிவு கையில் இருந்தது. இண்டியம் பொட்டு வைத்து ஒட்டுவதை அந்த ஆய்வு நிலையத்திலேயே தேற்றியிருந்தார்கள். வாங்குபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள். அவர்களும் இயற்பியலாளர்கள்தான், முதல் சில கருவிகளில் குறை இருந்தாலும் பொறுத்துச் சேர்ந்து சரிசெய்வார்கள். மருத்துவ ஒப்புதல் போன்ற தடை எதுவும் இல்லை. இத்தனையும் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். டெக்ட்ரிஸை உதாரணம் காட்டி உற்சாகமாகப் பேசுபவர்கள் இந்த வரிசையில் எத்தனை தங்களிடம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்ணில் படாத செலவுகள். முதலாவது, நிறுவனம் தொடங்கினாலும் உரிமம் தேவைதான். சிப் உங்கள் மூளையில் பிறந்தது என்றாலும் சட்டப்படி அது பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் சொத்து. நேற்றுவரை சேர்ந்து தேநீர் குடித்த அதே அலுவலகத்தாரோடு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருக்கும். இதை எதிர்பார்க்காமல் போய் மனம் கசந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஆய்வகம் இழக்கும் ஆட்கள். கைவேலை தெரிந்த நால்வரில் இருவர் கம்பெனிக்குப் போனால் அடுத்த சோதனையின் டிடெக்டர் தடுமாறும். மீதி இருப்பவர்கள் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று ஓடினால், எந்த நேரம் யாருடையது, எந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்ற சிக்கல் வரும்.

மூன்றாவது, பணம் வரும் தாளம். பெரிய டிடெக்டர் வாங்கும் ஆய்வகங்கள் அரசு நிதியாண்டைப் பார்த்து நடப்பவை. வருடத்தில் இரண்டு ஆர்டர் வரலாம். இடைப்பட்ட மாதங்களில் சம்பளம் கொடுக்க வேண்டும். அடுத்த தலைமுறைச் சிப்பைத் தொழிற்சாலையில் முதல்முறை செய்து பார்க்கும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். ஆய்வகத்தில் இருந்தவரை அந்தச் செலவு உங்கள் கணக்கில் வந்ததே இல்லை.

இடையில் ஒரு வழி உண்டு. நிறுவனம் என்றால் சிப் முழுக்க நமக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஆம்ஸ்டர்டாமின் நிக்ஹெஃப் ஆய்வகத்திலிருந்து 2011-ல் பிரிந்த ஆம்ஸ்டர்டாம் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸும், பிராகின் செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவிலிருந்து வளர்ந்த அட்வாகாமும் மெடிபிக்ஸுக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த டைம்பிக்ஸ் சிப்புகளுக்கும் உரிமம் வாங்கி அதன்மேல் கேமரா செய்து விற்கின்றன. சிப் பொதுச் சொத்து, அதைக் கேமராவாக்கும் திறமை அவர்களுடையது. டைம்பிக்ஸ் 2012-லேயே பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கதிர்வீச்சு அளக்கப் போனது. பழைய ஓவியங்களின் அடுக்குகளைப் பார்க்கவும் அந்தக் குடும்பச் சிப்புகள் பயன்படுகின்றன. இப்படிச் சின்னச் சின்னத் துறைகளுக்குப் பெரிய கம்பெனிகள் வரமாட்டா. சின்ன நிறுவனங்களுக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது.

எப்போது இது நல்லது? டிடெக்டரே முழுப் பொருளாக இருந்து, அறிவு கையில் இருந்து, முதல் மூன்று வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லிக் காட்ட முடிந்து, போகத் தயாரான ஒருவராவது முழு நேரம் கிளம்பும்போது.

## மூன்றாம் வழி: திறந்து விடுவது

ஊருணியை யாரும் குத்தகைக்கு விடுவதில்லை. சில பொருட்களின் மதிப்பே எல்லோரும் ஒன்றாகப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது.

ஒயிட் ராபிட் அப்படிப்பட்டது. அது டிடெக்டர் இல்லை, ஆனால் தூரம் தூரமாக இருக்கும் டிடெக்டர்களின் கடிகாரங்களை ஒளியிழை வழியே ஒரு நானோ விநாடிக்கும் குறைவான துல்லியத்தில் கட்டிவைக்கும் நரம்பு. செர்னும் ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆய்வு நிலையமும் மற்றவர்களோடு சேர்ந்து செய்தார்கள். வரைபடம், மென்பொருள் எல்லாம் திறந்தே இருந்தன. ஸ்பெயினின் கிரனாடாவில் இருந்த செவன் சொல்யூஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்து விற்றன. ஆய்வகங்களுக்கு ஒரே கடையை நம்பி நிற்க வேண்டியதில்லை. சீனாவின் லாசோ காஸ்மிக் கதிர் நிலையம் தன் ஆயிரக்கணக்கான டிடெக்டர்களை அதை வைத்து ஒத்திசைக்கிறது. ஜெர்மன் பங்குச்சந்தை நிறுவனமான டாய்ச்சே போர்ஸும் நேரம் குறிக்க அதைப் பயன்படுத்துகிறது. 2019 பதிப்பான ஐ.இ.இ.இ. 1588 நேரத் தரநிலையிலும் அதன் கொள்கை இடம்பிடித்தது. பூட்டி வைத்திருந்தால் தரநிலை ஆகியிருக்குமா என்பது சந்தேகமே.

வன்பொருளைச் சட்டப்படி திறந்து விடுவதற்கென்றே செர்ன் 2011-ல் ஒரு திறந்த வன்பொருள் உரிமத்தை எழுதியது. 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மூன்று வகை உண்டு. மாற்றம் செய்தவர் தன் மாற்றத்தையும் திறந்தாக வேண்டும் என்பது ஒன்று, ஓரளவு திறக்க வேண்டும் என்பது இன்னொன்று, எதையும் திறக்க வேண்டியதில்லை என்பது மூன்றாவது. திறந்து விடுகிறோம் என்று மொட்டையாகச் சொல்வது போதாது, இந்த மூன்றில் எது என்று சொல்ல வேண்டும்.

மென்பொருளில் ஜியான்ட்4 இருக்கிறது. துகள் பொருளுக்குள் போகும் பாதையைக் கணக்கிடும் இந்தத் தொகுப்பு 1998-ல் வெளிவந்தது. இன்று புற்றுநோய்க் கதிர் சிகிச்சையிலிருந்து விண்கலப் பாதுகாப்புவரை பரவியிருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையிடமும் உரிமப் பணம் கேட்டிருந்தால் இந்தப் பரவல் நடந்திருக்காது.

கண்ணில் படாத செலவுகள். ஊருணிக்கும் தூர் வார ஆள் வேண்டும். திறந்த திட்டத்தில் ஆவணம் எழுதுவது, பிழை திருத்துவது, கேள்விக்குப் பதில் சொல்வது யாருடைய சம்பளத்தில் நடக்கும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சிப்பைப் பொறுத்தவரை இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நீங்கள் திறக்க நினைத்தாலும், வடிவமைப்புக்குள் இருக்கும் பல அடிப்படைத் துண்டுகள் சிப் தொழிற்சாலையின் ரகசிய ஒப்பந்தத்துக்குக் கீழே வந்தவை. அவற்றை வெளியிட உங்களுக்கு அதிகாரமே இல்லை. பேராசிரியர் நல்ல மனதோடு சொன்னாலும், முழுச் சிப்பைத் திறப்பது பெரும்பாலும் முடியாத காரியம். சிப்பிலிருந்து தரவைப் படித்தெடுக்கும் படிப்புப் பலகை, கட்டுப்பாட்டு நிரல், அளவுத்திருத்த மென்பொருள் இவற்றைத் திறக்கலாம்.

எப்போது இது நல்லது? பல ஆய்வகங்களை இணைக்கும் பொருளாக, தரநிலை ஆக வேண்டியதாக, விற்றால் கிடைக்கும் காசைவிடப் பரவினால் கிடைக்கும் பலன் பெரிதாக இருக்கும்போது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | உரிமம் | சொந்த நிறுவனம் | திறந்து விடுவது |
|---|---|---|---|
| கருவியாக்குவது யார்? | ஏற்கெனவே சந்தையில் இருப்பவர் | நீங்களே | விருப்பமுள்ள யாரும் |
| அறிவு எங்கே இருந்தால் பொருந்தும்? | காகிதத்தில் | கையில் | காகிதத்தில், அதுவும் தெளிவாக |
| ஆய்வகம் இழப்பது | மூத்தவர்களின் நேரம் | ஆட்களையே | பராமரிப்புச் செலவு |
| பணம் | மெதுவாக, சிறிதாக, ஆபத்துக் குறைவாக | பெரிதாகவும் வரலாம், வராமலும் போகலாம் | நேரடியாக இல்லை |
| பெரிய ஆபத்து | தரிசாகப் போடுவது | ஆர்டர்களுக்கு நடுவே காசு தீர்வது | கவனிப்பாரில்லாமல் போவது |
| கூட்டுச் சொத்தானால் | சுலபம் | கடினம், இடைவழி உண்டு | எல்லோரும் சம்மதிக்க வேண்டும் |
| உதாரணம் | மெடிபிக்ஸ்2, ஜெம் | பிலாட்டஸ் | ஒயிட் ராபிட், ஜியான்ட்4 |

## மருத்துவம் என்றால் கணக்கே வேறு

டிடெக்டர் செய்கிற எல்லோருக்கும் மருத்துவமனைக் கனவு உண்டு. எனக்கும் அந்தக் கனவின்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் காலக் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் மார்ஸ் பயோஇமேஜிங் 2007-ல் தொடங்கியது. மெடிபிக்ஸ்3 சிப்பை வைத்து, திசுக்களை வண்ணம் பிரித்துக் காட்டும் ஸ்கேன் அவர்களுடைய இலக்கு. மனித உடலின் முதல் முப்பரிமாண வண்ண எக்ஸ்-கதிர்ப் படங்கள் 2018-ல் வெளிவந்தன. நடுவில் பதினோரு வருடம். அதற்குள் பெரிய நிறுவனங்களும் தங்கள் வழியில் இதே இலக்கை நோக்கி நடந்தன. ஃபோட்டானை எண்ணும் முதல் முழு உடல் சி.டி. கருவியாக சீமென்ஸின் கருவிக்கு 2021-ல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால் ஜார்ஜ் ஷார்பாக். அவர் 1968-ல் செர்னில் உருவாக்கிய பலகம்பி அறை என்ற டிடெக்டருக்கு 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகை டிடெக்டரை மருத்துவத்துக்குக் கொண்டுபோக 1989-ல் அவரே ஒரு நிறுவனம் தொடங்கினார். நின்ற நிலையில், குறைந்த கதிரில் முதுகெலும்பைப் படமெடுக்கும் ஈ.ஓ.எஸ். கருவி அந்த வழியில் வந்ததுதான். அது மருத்துவமனைகளுக்குள் நுழைய 2000-களின் பிற்பகுதி ஆயிற்று. வளரும் முதுகு வளைந்த குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டும். அவர்களுக்குக் கதிர் குறைவது எவ்வளவு பெரிய விஷயம்! காத்திருந்தது வீண்போகவில்லை. ஆனால் அவ்வளவு காலம் காத்திருக்கிற பணம் உங்களிடம் இருக்கிறதா?

என் யோசனை: மருத்துவத் துறைக்கான உரிமையை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். முதலில் ஒப்புதல் தேவைப்படாத துறையில், அதாவது பொருள் ஆய்விலோ தொழிற்சாலைச் சோதனையிலோ கால் ஊன்றுங்கள்.

## எந்த வழியானாலும் காத்திருக்கும் குழிகள்

முன்கூட்டியே பேசிவிடுவது. எனக்குத் தெரிந்த ஒரு குழு மாநாட்டில் சுவரொட்டி வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, நாலு மாதம் கழித்துக் காப்புரிமைக்குப் போனது. ஐரோப்பாவில் கதவு அப்போதே மூடியிருந்தது. அங்கே பொதுவில் வெளியிட்ட பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்பார்கள். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. இந்தியச் சட்டத்தில் கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு 12 மாத விலக்கு இருந்தாலும் அது ஐரோப்பாவில் உதவாது. இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கட்டுரை எழுதுவதை நிறுத்த வேண்டாம். விண்ணப்பத்தை ஒரு வாரம் முன்னால் போட்டுவிட்டுப் பேசினால் போதும்.

வடிவமைப்பு மென்பொருள். பல்கலைக்கழகங்கள் சிப் வடிவமைக்கப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் கல்விச் சலுகையில் வந்தவை, வணிகத்துக்கு அனுமதி இல்லாதவை. அதில் வரைந்த சிப்பை விற்கும் நாளில் கேள்வி வரும். உரிமப் பேச்சு தொடங்கும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இதுதான்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு. கதிர்வீச்சைத் தாங்கும் சிப்புகள் ராணுவத்துக்கும் பயன்படக்கூடியவை என்ற பட்டியலில் வருகின்றன. இந்தியாவில் இப்படிப்பட்ட பொருட்களின் ஏற்றுமதிக்கு ஸ்கோமெட் என்ற பட்டியல் உண்டு. எந்தத் தாங்குதிறன் அளவுக்கு மேல் உங்கள் சிப் போகிறது என்று முன்பே பாருங்கள்.

ஒரே வாங்குபவர். இது நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு கண்ணாடித் தகடுகளால் ஆன 28,800 டிடெக்டர்கள் தேவை என்று கணக்கிட்டிருந்தார்கள். மதுரையில் 85 டன் இரும்போடு ஒரு சிறு மாதிரி ஓடுகிறது. பெரியது எழும்பவில்லை. அந்த ஒரு ஆர்டரை மட்டும் நம்பி யாராவது நிறுவனம் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாறாக, பாபா அணு ஆராய்ச்சி மையம் (பார்க்) வடிவமைத்து பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) தொழிற்சாலையில் செய்த சிலிக்கான் உணரிகள் சி.எம்.எஸ். சோதனைக்குப் போயின. வேறு நூறு வேலை உள்ள தொழிற்சாலை என்பதால், அறிவியல் ஆர்டர் முடிந்தாலும் அது நின்றுவிடாது. ஒரே ஒரு பெரிய சோதனைதான் வாங்குபவர் என்றால், ஏற்கெனவே ஓடும் தொழிற்சாலைக்கு உரிமமாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

## கடிதம் எழுதியவருக்கு

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கிறேன். கேட்டு வந்த நிறுவனம் ஏற்கெனவே எக்ஸ்-கதிர்க் கருவி விற்கிறது. சிப் ஆறு நிறுவனங்களின் கூட்டுச் சொத்து. கம்பெனி தொடங்கலாம் என்ற இருவரில் ஒருவர் முனைவர் பட்டம் முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு உரிமம் கொடுங்கள், ஆனால் பொடிகளை ஆராயும் எக்ஸ்-கதிர் விலகல் கருவிகளுக்கு மட்டும் என்று துறையைக் குறுக்கி. ஒருவருக்கு மட்டும் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அந்தக் குறுகிய துறைக்குள் மூன்று வருடம், கெடுவோடு கொடுக்கலாம். மருத்துவம், எலெக்ட்ரான் நுண்ணோக்கி, விண்வெளி மூன்றையும் வெளியே வையுங்கள். உங்கள் நண்பர்கள் இருவரும் பட்டம் முடித்தபின் அதே கூட்டமைப்பிடம் உரிமம் வாங்கி, அட்வாகாம் செய்ததுபோல, கேமரா நிறுவனம் தொடங்க அந்தத் துறைகள் மிச்சம் இருக்கும். அளவுத்திருத்த மென்பொருளையும் படிப்புப் பலகையையும் பேராசிரியர் விருப்பப்படியே திறந்து விடுங்கள். நிறைய ஆய்வகங்கள் அதில் பழகினால் நாளைக்கு உங்கள் நண்பர்களின் கேமராவை வாங்கப்போவதும் அவர்கள்தான்.

அதற்கு முன் இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. சிப் வரைந்த மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து வணிகம் பற்றிய பத்தியைப் படியுங்கள். அடுத்த மாத மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தை ஒருமுறை பார்த்து, புது மின்சுற்றின் விவரம் அதில் இருந்தால், அது வெளியாகும் தேதிக்குள் காப்புரிமை விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள்.